முந்நூறை வாங்கி நானூற்று ஐம்பது ஓட்டியவர்கள்

கணினி விளையாட்டுகளின் வரலாற்றைப் பெரும்பாலும் மேலிருந்துதான் எழுதுகிறார்கள். எந்த ஆண்டில் எந்த நிறுவனம் மிக வேகமான பிராசசரை வெளியிட்டது, எந்த கிராபிக்ஸ் கார்டு முந்தைய சாதனையை உடைத்தது என்று அந்தக் கதை போகும். ஆனால் உச்சியில் இருந்த அந்தப் பொருளை வாங்கியவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் கடைக்குப் போய், “பாஸ், ரெண்டாயிரம் வெள்ளிதான் இருக்கு. கேம் ஓடணும். என்ன போடலாம்?” என்று கேட்டவர்கள். கையில் இருக்கும் காசுக்கு ஒவ்வொரு பாகமாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கும் இந்தப் பழக்கத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதில் ஒரு முக்கியமான அத்தியாயம் நம்ம பினாங்கு வழியாகப் போகிறது.

பாகங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் முதலில் கணினி பாகங்களாகப் பிரிய வேண்டும். 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பிசியை வெளியிட்டபோது அவசரத்தில் செய்த ஒரு காரியம் அதைச் சாத்தியமாக்கியது. சொந்தமாக எல்லாவற்றையும் தயாரிக்க நேரமில்லாததால் பிராசசரை இன்டெலிடமிருந்தும் இயங்குதளத்தை மைக்ரோசாஃப்டிடமிருந்தும் வாங்கியது. கார்டுகளைச் செருகும் இடத்தின் விவரங்களையும் வெளியிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் காம்பேக் தொடங்கி பல நிறுவனங்கள் அதே போன்ற கணினிகளைச் செய்தன. தைவான் மதர்போர்டுகளைக் குவித்தது. சிங்கப்பூரில் சிம் லிம் சதுக்கம், கோலாலம்பூரில் இம்பி பிளாசா, பிறகு லோயாட் பிளாசா என்று மாடி மாடியாகக் கடைகள் வந்தன. விலைப்பட்டியலைத் தாளில் அச்சடித்துக் கொடுப்பார்கள். பேனாவால் வட்டம் போட்டு, கூட்டிப் பார்த்து, ஒன்றை அடித்துவிட்டு இன்னொன்றை வட்டம் போட வேண்டும். பட்ஜெட் என்பது அந்தத் தாளில் நடக்கும் சண்டைதான்.

அந்தச் சண்டையின் முதல் பெரிய பாடம் 1996இல் கிடைத்தது. அப்போது இன்டெலின் பென்டியத்துக்கு மலிவான மாற்றாக சைரிக்ஸ் 6எக்ஸ்86 இருந்தது. அதன் மேல் ‘166+’ என்று போட்டிருக்கும். உண்மையில் ஓடுவது 133 மெகாஹெர்ட்ஸில். ஏமாற்று வேலை என்று சொல்லிவிட முடியாது. அலுவலக வேலைகளில் அது 166 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்துக்குச் சமமாக ஓடியது. ஆனால் அந்த ஜூனில் குவேக் வந்தது. முப்பரிமாணக் காட்சியைக் கணக்கிட, குவேக் தசமக் கணக்குகளை அதிகமாகச் செய்தது. பென்டியம் ஒரு வகுத்தல் கணக்கைப் பின்னணியில் ஓடவிட்டு அதே நேரத்தில் வேறு வேலையைச் செய்யக்கூடியது. குவேக்கை எழுதியவர்கள் அந்தத் திறமையை நம்பியே நிரலை அமைத்திருந்தார்கள். சைரிக்ஸோ தசமக் கணக்குகளில் பின்தங்கியிருந்தது. டூம் வழுக்கிக்கொண்டு ஓடிய கணினியில் குவேக் திணறியது. காசு மிச்சம் என்று நினைத்தவர்கள் அட்டையில் இருந்த எண்ணை வாங்கியிருந்தார்கள். “எவ்வளவு வேகம்?” என்ற கேள்வி “எந்த வேலையில் எவ்வளவு வேகம்?” என்று மாறியது அப்போதுதான்.

அதே ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. நினைவகச் சில்லுகளின் விலை சரிந்தது. கேளிக்கைக்கூட இயந்திரங்களுக்காக யோசிக்கப்பட்ட 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடு கார்டு, வீட்டுக் கணினிக்கு வரும் விலைக்கு இறங்கியது. வெறும் 4 மெகாபைட் நினைவகம், முப்பரிமாணப் படங்களுக்கு மட்டும். பழைய கார்டைக் கழற்ற வேண்டாம், பக்கத்தில் செருகி ஒரு கேபிளால் இணைத்தால் போதும். முழுக் கணினியையும் மாற்றாமல் சரியான ஒரு பாகத்தை மட்டும் மாற்றினால் விளையாட்டே வேறாகிவிடும் என்று ஒரு தலைமுறைக்குக் காட்டியது அந்த கார்டு.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1997 நடுவில் ஆசிய நிதி நெருக்கடி தொடங்கியது. ஒரு டாலருக்கு சுமார் 2.50 ரிங்கிட்டாக இருந்தது 1998 ஜனவரியில் 4.80ஐத் தாண்டியது. கணினிப் பாகங்கள் அத்தனையும் டாலரில் விலை பேசப்படுபவை. அமெரிக்கப் பையனுக்கு மாதாமாதம் மலிவாகிக்கொண்டிருந்த அதே பிராசசர் இங்கே ஏறிக்கொண்டிருந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் அரசாங்கம் ஒரு டாலர் 3.80 ரிங்கிட் என்று கட்டிவைத்தது.

அதற்கு ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமாக முன்னால், 1998 ஆகஸ்ட் 24 அன்று, இன்டெல் வெளியிட்ட பொருள்களில் இரண்டு இவை. ஒன்று பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ், விலை 669 டாலர். மற்றது செலரான் 300ஏ, 300 மெகாஹெர்ட்ஸ், விலை 149 டாலர். 3.80இல் பெருக்கினால் முதலாவது ஏறத்தாழ 2,540 ரிங்கிட், இரண்டாவது 566. கடைக்காரரின் லாபம் இன்னும் சேரவில்லை. பிராசசர் ஒன்றுக்கே இரண்டாயிரத்து ஐந்நூறு என்றால் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை அந்தப் பக்கமே போக முடியாது.

செலரான் என்ற பெயருக்கு அப்போது மரியாதையும் இல்லை. ஏப்ரலில் வந்த முதல் செலரானில், விலையைக் குறைக்க, எல்2 கேஷ் என்ற இடைநினைவகத்தையே எடுத்துவிட்டிருந்தார்கள். சமையலறையில் அலமாரியே இல்லாமல் ஒவ்வொரு முறையும் உப்புக்குக் கடைக்கு ஓடுவது மாதிரி அது தடுமாறியது. திட்டு வாங்கிய இன்டெல் 300ஏவில் 128 கிலோபைட் கேஷைச் சேர்த்தது. பென்டியம் 2இல் 512 கிலோபைட் இருந்தது. ஆனால் அது தனிச் சில்லுகளில் உட்கார்ந்து பிராசசரின் பாதி வேகத்தில்தான் ஓடியது. செலரானின் சின்ன கேஷ் பிராசசரோடு ஒரே சிலிக்கனில் இருந்ததால் முழு வேகத்தில் ஓடியது. மலிவுப் பதிப்பில் ஒரு விஷயம் விலையுயர்ந்த பதிப்பைவிட நன்றாக அமைந்துவிட்டது.

அடுத்தது பெருக்கல் கணக்கு. 300ஏவின் பெருக்கி 4.5. மதர்போர்டு தரும் 66 மெகாஹெர்ட்ஸை 4.5ஆல் பெருக்கினால் 300. இந்த 4.5ஐ யாரும் மாற்ற முடியாதபடி இன்டெல் பூட்டியிருந்தது. குறைந்த வேகச் சில்லின் எண்ணை அழித்து, பெரிய எண்ணை அடித்து விற்கும் வியாபாரிகள் அப்போது இருந்தார்கள் என்பது அதற்கு ஒரு காரணம். பெருக்கியைத்தான் பூட்டினார்கள், 66ஐப் பூட்டவில்லை. அந்த ஆண்டில் வந்த 440பிஎக்ஸ் மதர்போர்டுகள் 100 மெகாஹெர்ட்ஸ் தரக்கூடியவை. 100ஐ 4.5ஆல் பெருக்கினால் 450. சில மதர்போர்டுகளில் பயாஸ் திரையிலேயே மாற்றிவிடலாம். பிராசசர் சொல்வதை மட்டும் கேட்கும் மதர்போர்டாக இருந்தால், செருகும் விளிம்பில் பி21 என்ற முனையைச் சின்ன டேப் துண்டால் மறைத்தால் போதும். மதர்போர்டு 100 என்று நினைத்துக்கொள்ளும்.

பெரும்பாலான 300ஏக்கள் 450இல் நிலையாக ஓடின. அதிர்ஷ்டமில்லாத சில ஓடவில்லை. ஓடியவை விளையாட்டுகளில் 669 டாலர் பென்டியத்தோடு தோளோடு தோள் நின்றன. 669ஐ 149ஆல் வகுத்தால் 4.5 வருகிறது. பெருக்கியும் 4.5, விலை வித்தியாசமும் 4.5. தற்செயல்தான், இருந்தாலும் அழகான தற்செயல்.

ஏன் ஓடின? இங்கேதான் பினாங்கு வருகிறது. சிலிக்கன் தட்டுகள் வேறு நாட்டில் தயாராகி, வெட்டப்பட்டு, உறைக்குள் பொருத்தப்பட்டு, சோதிக்கப்படும் இடங்களில் ஒன்று பினாங்கு. சோதனையில் எது எவ்வளவு வேகம் தாங்குகிறது என்று பார்த்துத் தரம் பிரிப்பார்கள். ஒரு தொழில்நுட்பம் பழகப் பழகச் சில்லுகள் நன்றாக வர ஆரம்பிக்கும். 450ஐத் தாங்கும் சில்லுகள் தேவைக்கு மேல் குவியும். சந்தைக்கோ 149 டாலர் பொருளும் வேண்டும். ஆகவே நல்ல சில்லின் மேலேயே ‘300’ என்று அடிப்பார்கள். அந்த எண் சில்லின் திறனைச் சொல்லவில்லை, விற்பனைத் திட்டத்தைச் சொன்னது. பொறியியல் படித்த எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இது. பட்ஜெட்காரர்கள் கண்டுபிடித்தது ஒரு பொருளின் விலைக்கும் அதன் தகுதிக்கும் நடுவில் யாரோ போட்டுவைத்த இடைவெளியை.

அந்த பிராசசர்களின் மேல் ‘மலாய்’ என்றோ ‘கோஸ்டா ரிகா’ என்றோ அச்சடித்திருக்கும். எது 450க்கு நன்றாகப் போகும் என்று உலகமெங்கும் வாங்குபவர்கள் வாதாடினார்கள். மலாய் என்ற சொல் அவர்களுக்கு ஒரு தரக்குறியீடு, அவ்வளவுதான். நமக்கு அது ஊர்.

1969இல் தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்து, வேலையில்லாத் திண்டாட்டத்தில் தவித்த தீவு பினாங்கு. அன்றைய முதலமைச்சர் லிம் சோங் யூ, பாயான் லெப்பாஸ் வயல்களில் சுதந்திர வர்த்தக மண்டலத்தைக் கொண்டுவந்தார். 1972இல் இன்டெலும் ஏஎம்டியும் அங்கே வந்தன. விளையாட்டுக் கணினிக் கடையில் இன்றுவரை நம்மை இரண்டு அணியாகப் பிரிக்கும் அதே இரண்டு நிறுவனங்கள், ஒரே ஆண்டில் ஒரே இடத்தில். உள்ளே உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். கம்பங்களிலிருந்து வந்த மலாய்ப் பெண்கள் அதிகம், சீனப் பெண்களும் தமிழ்ப் பெண்களும் உண்டு. நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியைச் சில்லில் ஒட்டும் வேலை.

அந்த வேலையின் விலை என்ன என்று தெரிய மானுடவியலாளர் ஐவா ஓங்கின் எழுத்துக்குப் போக வேண்டும். 1978இல், பினாங்கில் அல்ல, சிலாங்கூரின் சுங்கைவேயில், ஓர் அமெரிக்க மின்னணு ஆலையின் நுண்ணோக்கிப் பிரிவில் சுமார் 120 பெண்களுக்குப் பேய் பிடித்ததாக அவர் பதிவு செய்கிறார். ஆலையை மூன்று நாள் மூடி, போமோவை அழைத்து ஆடு வெட்டினார்கள். 1998க்குள் இந்த வேலையில் பெரும்பகுதியை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டன. ஆனால் சில்லு மலிவாவதற்கு அந்தக் கண்களும் கொடுத்திருக்கின்றன. டாலர் ஏறியபோது, பாயான் லெப்பாஸில் சோதித்து அனுப்பிய பொருளையே 3.80ஆல் பெருக்கித் திரும்ப வாங்கியவர்கள் அவர்களுடைய வீட்டுப் பிள்ளைகளாகவும் இருந்திருக்கலாம்.

பிறகு அந்த இடைவெளிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. 2000இல் ஏஎம்டியின் டியூரான், அத்லான் சில்லுகளின் மேலிருந்த சின்னப் பாலங்களைப் பென்சிலால் தீட்டிப் பெருக்கியைத் திறக்க முடிந்தது. அந்த வழியும் மூடியது. 2011இல் இன்டெல் அடிப்படைக் கடிகாரத்தை மற்ற எல்லாவற்றோடும் சேர்த்துக் கட்டியது. வேகம் கூட்ட வேண்டுமா, ‘கே’ என்ற எழுத்துக்குத் தனியாகக் காசு கொடு. 2014இல் 72 டாலருக்குப் பூட்டில்லாத பென்டியம் ஜி3258ஐக் கொடுத்தபோது பழைய நாள் திரும்பியது என்று பலர் துள்ளினார்கள். அதில் இரண்டு கோர்தான். அந்த நவம்பரில் வந்த ஃபார் கிரை 4 இரண்டு கோரில் தொடங்கவே இல்லை. சைரிக்ஸ் பாடம் மறுபடியும்.

பட்ஜெட்காரருக்கு அதன்பின் கிடைத்த பெரிய வரம் ஒரு துளை அமைப்பு. 2017இல் ஏஎம்டியின் ஏஎம்4 மதர்போர்டை வாங்கியவர், பயாஸைப் புதுப்பித்து, 2022இல் வந்த ரைசன் 5800எக்ஸ்3டியை அதே பலகையில் மாட்ட முடிந்தது. ஐந்து ஆண்டு, ஒரே மதர்போர்டு. மாறாக, கிராபிக்ஸ் கார்டில் நடந்தது அநியாயம். 2021இல் எத்திரியம் தோண்டுபவர்கள் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். 2022 செப்டம்பரில் எத்திரியம் அந்த முறையைக் கைவிடும்வரை அது ஓயவில்லை. இப்போது செயற்கை நுண்ணறிவுக்கான சர்வர்கள் நினைவகத்தை விழுங்குகின்றன. 2025 டிசம்பரில் மைக்ரான் தன் குரூஷியல் ரேம் வணிகத்தை மூடுவதாக அறிவித்தது. சாதாரண ஆள் வாங்கும் ரேமின் விலையை அவன் கேள்விப்படாத யாரோ முடிவு செய்கிறார்கள். 1998இல் ரிங்கிட் செய்த வேலையை இன்று தரவு மையங்கள் செய்கின்றன.

இத்தனையையும் படித்துவிட்டுக் கடைக்குப் போனால் என்ன கேட்பது? முதலில், எந்த விளையாட்டு, எந்தத் திரை. அதைச் சொல்லாமல் “எது பெஸ்ட்?” என்று கேட்டால் கடைக்காரர் தேங்கிய சரக்கைத் தள்ளிவிடுவார். அடுத்து, இந்த மதர்போர்டில் மூன்று ஆண்டு கழித்து எதை மாட்டலாம். பெரும்பகுதிக் காசு கிராபிக்ஸ் கார்டுக்கு. பழைய கார்டு வாங்கினால் அது எங்கே உழைத்தது என்று விசாரிக்க வேண்டும். பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. அது போனால் மற்றதையும் கூட்டிக்கொண்டு போகும். கடைசியாக, ஒரே சில்லில் செய்த இரண்டு மாடல்களுக்கு நடுவே விலை வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். 1998 போல இப்போதெல்லாம் அங்கே பொக்கிஷம் கிடைப்பதில்லை. ஆனாலும் தேடுகிறவர் பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பி, அது எந்த ஊரில் பொருத்தப்பட்டது என்பதையும் வாசித்துவிடுவார்.