கிள்ளான் காய்ச்சலும் துரைமார் கணக்கும்

மலாயாத் தோட்டங்களில் நிலவிய சஞ்சிமுறை, அதாவது கூலியாளை இத்தனை ஆண்டு என்று எழுத்தில் கட்டிப்போடும் ஒப்பந்தமுறை, 1910ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்ததையும், அதன் பிறகு ரப்பர்க் கம்பெனிகள் தொழிலாளியின் உடல்நலத்தைப் பற்றி வேறு வழியின்றிக் கவலைப்படத் தொடங்கியதையும் விவரிப்பதே அடுத்த இதழ்ப் பகுதியின் நோக்கம். ஆனால், அந்தக் கவலைக்கு மருந்து எங்கே இருக்கிறது என்று அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தேடப் புறப்பட்டுவிட்ட மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரை அறிந்துகொள்ளாமல் அந்தத் திருப்பம் விளங்காது.

வாட்சன் 1901இல் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றபோது, அனோபிலிஸ் என்னும் கொசு இனமே மலேரியாவைப் பரப்புகிறது என்பதற்கு ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் சான்று கண்டு நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன; சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றே காய்ச்சலைத் தருகிறது என்ற பழைய எண்ணம் அதிகாரிகள் மனத்திலிருந்து முற்றிலும் அகன்றிருக்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் வேலைக்கு வந்தவர்கள் அடுத்தடுத்துக் காய்ச்சலில் விழுந்ததால், புதிய துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று யோசிக்கும் நிலை உண்டானது. வாட்சன் நகரைச் சுற்றியிருந்த காட்டை வெட்டி, சதுப்பை வடித்து, பள்ளங்களைத் தூர்க்கச் செய்தார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் சேர்த்து 1901இல் 582ஆக இருந்த இறப்பு, மறு ஆண்டில் 144ஆகக் குறைந்தது. அரசு பணத்தை அள்ளிக் கொடுத்ததற்குப் பரிவைவிடத் துறைமுக வருமானமே காரணம் என்றாலும், பிழைத்த உயிர்கள் பிழைத்தவையே.

தோட்டங்களின் நிலை வேறு. காய்ச்சல் கண்ட தோட்டத்தில் துரைமார் வழக்கமாகச் செய்தவை இரண்டே: விடியற்காலைப் பெரட்டில், அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்க ஆட்கள் வரிசையாக நிற்கும் நேரத்தில், கசப்புக் கொயினாவை வாயில் ஊற்றுவது, அதையும் மீறி இறந்தவர்களுக்கு ஈடாக, ஆள்திரட்டும் மேற்பார்வையாளனான கங்காணியைத் திருச்சிக்கும் தஞ்சைக்கும் அனுப்பிப் புதிய ஆட்களைத் திரட்டுவது. கொயினா காய்ச்சலின் வேகத்தைத் தணித்ததே அன்றி, தொழிலாளர் குடியிருந்த கூலிலயத்துக்குப் பின்னாலிருந்த ஓடையில் கொசு பெருகுவதைத் தடுக்கவில்லை. இறந்த தொழிலாளி கம்பெனிக் கணக்கில் திரும்பி வராத முன்பணமாகவே பதியப்பட்டான். இதைக் காலத்தின் வழக்கம் என்று மன்னிக்கும் வரலாற்றாசிரியர்களுடன் இத்தொடர் உடன்படவில்லை.

வாட்சன் தோட்டம் தோட்டமாகச் சென்று செய்த முதல் வேலை, லயத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொரு பிள்ளையின் இடது விலாவுக்குக் கீழே விரல்களை அழுத்திப் பார்த்தது. மலேரியா திரும்பத் திரும்பத் தாக்கிய உடலில் மண்ணீரல் வீங்கி, விலாவுக்கு வெளியே கெட்டியாகக் கைக்குத் தட்டுப்படும். தமிழர் அதைக் காய்ச்சல்கட்டி என்றனர். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தக் கட்டி இருக்கிறது என்ற கணக்குக்கு மண்ணீரல் விகிதம் என்று பெயர். மருத்துவமனைப் பதிவேட்டையும் தோட்டக் கணக்கரான கிராணியின் கையெழுத்தையும் எப்படி வேண்டுமானாலும் திருத்தி எழுதலாம்; ஆறு வயதுப் பிள்ளையின் வயிற்றை அவ்வாறு திருத்த முடியாது என்பதே இந்தச் சோதனையின் வலிமை.

இந்த விகிதங்களை அருகருகே வைத்தபோது ஒரு புதிர் எழுந்தது. கடலோரச் சமவெளித் தோட்டங்களில் காட்டை வெட்டி, திறந்த வாய்க்கால் தோண்டி, நீரை வடித்ததும் காய்ச்சல் குறைந்தது. அதே முறையை நம்பி மலையடிவாரத்துத் தோட்டங்களில் பள்ளத்தாக்குகளைத் துப்புரவாக வெட்டித் திறந்தபோது காய்ச்சல் கூடியது. காரணம் கொசுவின் வகையில் இருந்தது. சமவெளியில் நோயைப் பரப்பிய அனோபிலிஸ் அம்பிரோசஸ் காட்டு நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடுவது. நிழலும் தேக்கமும் போனால் அதுவும் போய்விடும். மலைப்பகுதியின் அனோபிலிஸ் மக்குலேட்டஸ் இதற்கு நேர்மாறாக, வெயில் விழும் தெளிந்த ஓடையிலும் ஊற்றுக் கசிவிலும் பெருகுவது. மரங்களை வெட்டி ஓடைக்கு வெயிலைக் கொடுத்த துரைமார் தம் கைக்காசைச் செலவிட்டு அதற்குத் தொட்டில் கட்டித் தந்திருந்தனர். ஊருக்கு ஊர் எந்த வகைக் கொசு நோயைப் பரப்புகிறதோ, அதன் பிறப்பிடத்தை மட்டும் குறிவைத்துக் கெடுக்கும் இந்த முறையைப் பின்னர் டச்சு அறிஞர் சுவெல்லன்கிரேபல் சுமத்திராவிலும் எடுத்தாண்டு அதற்குத் தனிப் பெயரும் சூட்டினார்.

மலைத் தோட்டங்களுக்கு வாட்சன் கண்ட வழி ஓடையையே மண்ணுக்குள் இறக்குவதாகும். பள்ளத்தாக்கின் அடியில் சுட்ட களிமண் குழாய்களை ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளி விட்டுப் பதித்து, மேலே கல்லையும் மண்ணையும் மூடிவிட்டால், கசியும் நீர் இணைப்புகளின் வழியே குழாய்க்குள் இறங்கி, வெயிலைக் காணாமலே வெளியேறும். முட்டையிட வரும் கொசுவுக்கு ஈரமற்ற தரை மட்டுமே மிஞ்சும். பிற்காலத்தில், குழாய் பதிக்க முடியாத இடங்களில் ஓடை நீரின்மேல் எண்ணெய் தெளிக்கும் மலிவான வழியும் சேர்ந்துகொண்டது.

குழாய் பதிப்பதற்கு ஆன செலவே கம்பெனி இயக்குநர்களைத் தயங்க வைத்தது. அரசுப் பணியை விட்டுத் தோட்டங்களின் மருத்துவராகிவிட்ட வாட்சன், அவர்களுக்குப் புரிந்த மொழியிலேயே வாதாடினார்: படுத்த ஆள் பால்வெட்ட மாட்டான், இறந்தவனுக்கு மாற்றாள் கொண்டுவரக் கப்பல் கூலி கொடுக்க வேண்டும், காய்ச்சல் தோட்டம் என்று பெயர் வாங்கிவிட்டால் அங்கே ஆளே வராது. இவ்வாறு மனித உயிரைப் பணக்கணக்கில் எழுதியதற்காக அவரைக் குறைகூறுவோர் உண்டு. ஆனால் லண்டனில் அமர்ந்து ரப்பர் விலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் வேறு எந்தக் கணக்கும் செல்லுபடியாகியிருக்காது என்பதால், பழி அந்தக் கணக்கைக் கேட்டவர்களுக்கே உரியது. அவர்கள் கொடுத்த பணமும் லயங்களைச் சுற்றிய நிலத்தைத் தாண்டவில்லை. தோட்ட எல்லைக்கு வெளியே, அதே ஓடையின் கீழ்க்கரையில் இருந்த கம்பங்களுக்கு, அதாவது மலாய்க் கிராமங்களுக்கு, குழாயும் கிடைக்கவில்லை, எண்ணெயும் கிடைக்கவில்லை.

ஆள் வராது என்ற அந்த மூன்றாவது வாதம், சஞ்சிக்கூலி ஓடிப்போனால் பிடித்துச் சிறையில் அடைக்க முடிந்த காலம்வரை வலுவற்றதாகவே இருந்தது. ஒரு மாத முன்னறிவிப்புடன் எவரும் தோட்டத்தை விட்டு நடக்கலாம் என்ற நிலை வந்தபின் அது எவ்வாறு கூர்மை பெற்றது என்பதும், 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அடுத்த இதழில்.