பத்து மாச அட்வான்ஸ் எங்கிருந்து வந்தது?

இந்த எபிசோடை ஒரு பழைய நோட்டுத் தாள்ல இருந்து ஆரம்பிக்கிறேன். போன மாசம் வீடு மாத்தும்போது ஃபைலுக்குள்ள கிடைச்சுது. 2018 ஜூலைன்னு போட்டிருக்கு. காலேஜ் முடிச்சு வேலைக்குச் சேர்ந்த புதுசுல, நானும் ரெண்டு நண்பர்களும் வேளச்சேரி பக்கம் எடுத்த வீட்டோட கணக்கு. வாடகை 14,000. அட்வான்ஸ் 1,40,000. புரோக்கருக்கு ஒரு மாச வாடகை. அதுக்கு மேல "வீடு காட்டினதுக்கு" 500, 500ன்னு ரெண்டு வரி. அதுல ஒருத்தர் காட்டின வீட்டுல ஏற்கெனவே ஆள் குடியிருந்தாங்க. கதவைத் திறந்த அக்கா எங்களைப் பார்த்து, "இந்த வாரத்துல நீங்க நாலாவது செட்டு"ன்னு சொன்னாங்க. 500 ரூபாய் திரும்பி வரல.

மூணு பேர் சம்பளத்தையும் சேர்த்தாலும் எங்ககிட்ட அந்த 1,40,000 இல்ல. ஒருத்தன் அம்மாவோட வளையல் அடகுக்குப் போச்சு. புரோக்கர் அண்ணன்கிட்ட "ஏண்ணே பத்து மாசம்?"னு கேட்டதுக்கு, "தம்பி, சென்னைல காலங்காலமா இதுதான் வழக்கம்"னார். அப்ப நம்பிட்டேன். காலங்காலம்னா எத்தனை காலம்னு இந்த எபிசோடுக்காகத் தேட ஆரம்பிச்சேன். வழக்கம்னு நினைச்சுக் கொடுத்த அந்தப் பணம், கொடுத்த அன்னைக்கு இருந்த சட்டப்படி வாங்கவே கூடாத பணம்.

கதை இரண்டாம் உலகப் போர்ல தொடங்குது. 1941ல, இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ, மெட்ராஸ்ல வீட்டு வாடகையைக் கட்டுப்படுத்த முதல் உத்தரவு வந்துச்சு. போர்க்கால உத்தரவுதான், போர் முடிஞ்சதும் போயிடணும். நடுவுல 1942 ஏப்ரல்ல, ஜப்பான்காரன் வந்துடுவான்ங்கிற பயத்துல ஊரே காலியாச்சு. அரசு அலுவலகங்களே வெளியூருக்குப் போச்சு. அந்த நேரத்துல மட்டும் வீடு காலியாக் கிடந்துச்சு, ஆள் இல்ல. அப்புறம் எல்லாம் தலைகீழ். 1941 மக்கள்தொகைக் கணக்குல மெட்ராஸ்ல 7.77 லட்சம் பேர். 1951ல 14.16 லட்சம். நகர எல்லையை நடுவுல விரிவாக்கினதும் இதுல சேர்த்திதான். அதைக் கழிச்சுப் பார்த்தாலும், பத்தே வருஷத்துல வந்த கூட்டம் கொஞ்சநஞ்சம் இல்ல. அதனால போர்க்கால உத்தரவு போகல, சட்டமா மாறுச்சு. 1946ல ஒன்னு, 1949ல ஒன்னு, கடைசியா 1960ல வந்த கட்டடங்கள் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். இந்த 1960 சட்டம் 2019 வரைக்கும் உயிரோட இருந்துச்சு.

அதுல 7வது பிரிவுன்னு ஒன்னு இருக்கு. வீட்டு ஓனர் வாடகைக்கு மேல எந்தத் தொகையும் கேட்கக் கூடாது, வாங்கக் கூடாது. அட்வான்ஸா வாங்கலாம், ஆனா ஒரே ஒரு மாச வாடகைக்கு மிகாம. அதுக்கு மேல தர்றதா ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு எழுதி இருந்தாலும் அந்த எழுத்து செல்லாது. இதைப் படிச்சப்ப நான் லேப்டாப்பை மூடிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். எங்க வேளச்சேரி வீடு மாநகராட்சி எல்லைக்குள்ள இருந்த பழைய கட்டடம். 2018ல அதுக்கு இந்தச் சட்டம்தான். 1,40,000ல 1,26,000 அதிகப்படி.

சரி, ஒரு மாசம்னு சட்டம் சொல்லும்போது பத்து மாசம் எப்படி ஊரோட வழக்கமாச்சு? இதுக்கு விடையும் அதே சட்டத்துக்குள்ளதான் இருக்குன்னு எனக்குத் தோணுது.

முதல்ல வாடகை. குடியிருக்கறவரோ ஓனரோ மனு போட்டா, ரென்ட் கன்ட்ரோலர் "நியாய வாடகை" நிர்ணயிப்பார். அதுக்கு ஃபார்முலா இருந்துச்சு: நிலத்தோட மதிப்பு, தேய்மானம் போக கட்டுமானச் செலவு, வசதிகள், இதெல்லாம் கூட்டி, குடியிருப்புன்னா வருஷத்துக்கு 9 சதவீதம். ஒருமுறை நிர்ணயிச்சா, புதுசா ஏதாவது கட்டினா, வரி ஏறினா மாதிரி சில காரணங்கள் தவிர அது ஏறாது. விலைவாசி ஏறும், வாடகை நிக்கும். ஆளைக் காலி பண்ணணும்னா உயர் நீதிமன்ற வளாகத்துல இருக்கற சிறு வழக்குகள் நீதிமன்றத்துக்கு வருஷக்கணக்கா நடக்கணும். ஓனர் பக்கம் நின்னு பார்த்தா, வீட்டைக் கொடுக்கறதுக்கு முன்னாடி இருக்கற அந்த ஒரு நாள்தான் அவர் கை ஓங்கி இருக்கற நாள். அன்னைக்கே மொத்தமா ஒரு தொகையை வாங்கிட்டா, வட்டியும் ஆச்சு, கடிவாளமும் ஆச்சு. என் 1,40,000ஐயே எடுத்துக்கோங்க. 7 சதவீதம் வட்டின்னா வருஷத்துக்கு 9,800, மாசத்துக்கு 800 ரூபாய்க்கு மேல. அது வாடகை ரசீதுல வராத வாடகை.

ரெண்டாவது விஷயம் 3வது பிரிவு. எனக்கு ரொம்ப சுவாரசியமான பகுதி இதுதான். வீடு காலியானா ஏழு நாளுக்குள்ள ஓனர் அரசு அதிகாரிக்கு எழுத்துல தெரிவிக்கணும். மெட்ராஸ்ல அவர் பேரு அக்காமடேஷன் கன்ட்ரோலர். வேணும்னா அரசு அந்த வீட்டை எடுத்து, அரசு ஊழியர் யாருக்காவது ஒதுக்கலாம். கொஞ்சம் யோசிங்க. அப்படி ஒரு ஊர்ல வாசல்ல "டு-லெட்" போர்டு மாட்டறது எவ்வளவு தைரியமான காரியம்! காலி வீடுன்னா வாயைத் திறக்காம கைமாறணும். பழைய ஆள் சாமான் ஏத்தும்போதே புது ஆள் வந்து நிக்கணும். அப்ப யாருக்கு மதிப்பு? எந்தத் தெருவுல எந்த மாடி அடுத்த மாசம் காலியாகும்னு தெரிஞ்ச ஆளுக்கு. டீக்கடைக்காரர், இஸ்திரி வண்டிக்காரர், வாட்ச்மேன். வீடு தேடறவன் அவங்க பின்னாடி போனான். இது என் ஊகம்தான். ஆனா புரோக்கர் விக்கறது வீட்டை இல்ல, தகவலைங்கறதுல எனக்குச் சந்தேகமே இல்ல. தகவலுக்குத் தட்டுப்பாடு இருக்கற வரைக்கும் 500 ரூபாய் வாங்கலாம். ஆப் வந்த பிறகும் "போட்டோ பார்த்தீங்கல்ல, அது போயிடுச்சு சார், வேற ஒன்னு இருக்கு"ன்னு சொல்றது அதே பழைய வியாபாரம், சட்டை மட்டும் புதுசு.

நீதிமன்றங்கள் இதைப் பார்க்காம இல்ல. மாச வாடகை 400 ரூபாய்க்கு மேல இருக்கற வீடுகளுக்கு இந்தப் பாதுகாப்பே கிடையாதுன்னு 1973 திருத்தத்துல இருந்து ஒரு விதி இருந்துச்சு. 400 கொடுக்கறவன் பணக்காரன்ங்கற கணக்கு. 1986ல உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணுச்சு. நகரங்கள்ல வாடகை ஏறின ஏத்தத்துல 400ங்கறது சாதாரணக் குடும்பம் கொடுக்கற தொகை ஆயிடுச்சு, கடைகளுக்கு இல்லாத வரம்பு வீட்டுக்கு மட்டும் எதுக்குன்னு கேட்டாங்க. 1996ல இன்னொரு வழக்கு. வாடகை பாக்கின்னு சொல்லி ஓனர் காலி பண்ணச் சொல்றார். குடியிருந்தவர், "ஒரு மாசத்துக்கு மேல நீங்க வாங்கின அட்வான்ஸ் உங்ககிட்டதானே இருக்கு, அதுல கழிச்சுக்கோங்க"ன்னார். உச்ச நீதிமன்றம் அதை ஏத்துக்கிச்சு. அந்த அதிகப்படிப் பணம் குடியிருக்கறவரோட பணம், அது கையில இருக்கும்போது பாக்கின்னு சொல்ல முடியாது. இவ்வளவு தெளிவா சொன்ன பிறகும் 22 வருஷம் கழிச்சு நான் போய் பத்து மாசம் கட்டியிருக்கேன், ஏன்னா எனக்கு யாரும் சொல்லல. அந்த வீட்டை விட்டா அடுத்ததுக்கு இன்னொரு 500.

2019 பிப்ரவரி 22ல புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்துச்சு. 2017லேயே நிறைவேறினது. வாடகை ரெண்டு பேரும் பேசி முடிவு பண்றதுதான், நியாய வாடகை ஃபார்முலா போச்சு. ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகார அமைப்புல பதிவு பண்ணணும், ஒரு பதிவு எண் கிடைக்கும். டெபாசிட் மூணு மாசத்துக்கு மேல வாங்கக் கூடாது. எல்லாரும் இந்த வரியைத்தான் ஷேர் பண்ணாங்க. ஆனா அந்த வரி ஆரம்பிக்கறதே "வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய"ங்கற பொருள்லதான். 1960 சட்டத்துல நீங்க என்ன எழுதினாலும் ஒரு மாசத்துக்கு மேல செல்லாது. புதுச் சட்டத்துல பத்து மாசம்னு எழுதிக் கையெழுத்து போட்டா செல்லும். வீடு கிடைக்காம அலையறவன் எதுலதான் கையெழுத்து போட மாட்டான்? என்னைக் கேட்டா, அறுபது வருஷமா தப்பா இருந்த ஒன்னை நாம சரின்னு ஆக்கியிருக்கோம்.

புரோக்கர்? அவரை எந்தச் சட்டமும் திரும்பிப் பார்க்கல. 2016ல வந்த ரேரா சட்டம் ரியல் எஸ்டேட் ஏஜென்ட் பதிவு பண்ணணும்னு சொல்லுது, ஆனா அது வித்து வாங்கற ஏஜென்டுக்கு. வாடகை அதுல வராது. வெளியூர்ல இதைத் தொட்டிருக்காங்க. பிரிட்டன்ல, வாடகை வீட்டு முகவரி கொடுக்கக் காசு வாங்கறதை 1953லேயே குற்றமாக்கினாங்க. ஜெர்மனியில 2015 ஜூன்ல இருந்து, வாடகைக்கு விடறதுல புரோக்கரை யார் வேலைக்கு வெச்சாங்களோ அவங்கதான் காசு கொடுக்கணும். நியூயார்க்ல அதே மாதிரி விதி 2025 ஜூன்ல வந்துச்சு. வேளச்சேரியில ஓனர் வெச்ச புரோக்கருக்கு நான் கொடுத்தேன். அவர் ஓனர்கிட்டயும் வாங்கினார்னு பின்னாடிதான் தெரிஞ்சுது.

இப்ப போன மாச வீட்டுக்கு வர்றேன். மூணு மாசம்னு ஆரம்பிச்சேன், ஓனர் அங்கிள் எட்டுன்னார், அஞ்சுல முடிஞ்சுது. ஒப்பந்தத்துல காலி பண்ணும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாச வாடகை பிடிப்போம்னு ஒரு வரி. புதுச் சட்டத்தோட ரெண்டாவது அட்டவணையில, சுவருக்கு வெள்ளையடிக்கறதும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்கறதும் ஓனர் பொறுப்புன்னு போட்டிருக்கு. போன்ல எடுத்துக் காட்டினேன். அங்கிள் கண்ணாடியைப் போட்டு ரெண்டு தடவை படிச்சார். "அப்படியா?"ன்னு கேட்டுட்டு, அவரே பேனாவால அந்த வரியை அடிச்சார்.

புரோக்கர் அண்ணன் முகம்தான் வாடிப்போச்சு. வெளிய வந்து லிஃப்டுக்கு நிக்கும்போது மெதுவா, "தம்பி, அந்த அட்டவணையை எனக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க. என் வீட்டுக்காரரும் பெயின்டிங் பிடிச்சிட்டார்"னார்.

அனுப்பிட்டேன்.