நெப்டியூனுக்கு அப்பால் ஜோடியாகச் சுற்றும் பனி உலகங்கள்... நம்ம காவலூருக்கும் இதுக்கும் என்ன தொடர்பு?

நெப்டியூனைத் தாண்டினால் வருவது கைப்பர் பட்டை. பனியும் பாறையும் கலந்த சிறு உலகங்கள் நிறைந்த பகுதி இது. இவற்றில் பல தனியாக இல்லை, ஜோடியாகத்தான் இருக்கின்றன.

'இரட்டை' என்றால் என்ன?

பூமியும் நிலாவும் ஒரு பொது ஈர்ப்பு மையத்தைத்தான் சுற்றுகின்றன. அந்தப் புள்ளி பூமிக்குள்ளேயே இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. ஆனால் புளூட்டோ கதையே வேற! புளூட்டோவின் விட்டம் 2,377 கி.மீ., 1978-ல் கண்டுபிடிக்கப்பட்ட அதன் துணையான சாரனின் விட்டம் 1,212 கி.மீ. பாதிக்குப் பாதி என்பதால், பொது மையம் புளூட்டோவுக்கு வெளியே வெட்டவெளியில் இருக்கிறது. கைகோத்துச் சுற்றும் ரெண்டு பிள்ளைகள் மாதிரி, ஒன்றையொன்று பார்த்தபடியே 6.4 நாளுக்கு ஒருமுறை இரண்டும் சுற்றி வருகின்றன.

ஒட்டிக்கொண்ட ஜோடி

சில ஜோடிகள் ஒன்றாகவே ஒட்டிவிடும். உதாரணம், அரோகாத். 2019 ஜனவரி 1 அன்று நாசாவின் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் இதைக் கடந்து சென்றது. பூமியிலிருந்து சுமார் 650 கோடி கி.மீ. தூரம். ஆனால் அரோகாத்தின் நீளம் 36 கி.மீ.தான். சரவணம்பட்டிக்காரங்களுக்குப் புரியும்படி சொன்னால், ஏறக்குறைய கோவை டு மேட்டுப்பாளையம்!

இதனால் நமக்கு என்ன தெரியும்?

முதலாவது, எடை. ஜோடி எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நேரத்தில் சுற்றுகிறது என்று பார்த்தால், விண்கலம் அனுப்பாமலே மொத்த நிறையைக் கணக்கிடலாம்.

இரண்டாவது, பிறப்பு. அரோகாத்தின் இரு பகுதிகளும் வேகமாக மோதியிருந்தால் நொறுங்கியிருக்கும். அப்படி எந்தத் தடயமும் இல்லை. ஆள் நடக்கும் வேகத்தில் மெதுவாகச் சேர்ந்திருக்கலாம் என்கிறார்கள் விஞ்ஞானிகள். கோள்களின் விதைகள் பெரிய மோதல்களில் உருவாகவில்லை, சிறு துகள்கள் கூட்டமாகத் திரண்டு உருவாயின என்ற கருத்துக்கு இது வலுவான சான்று.

காவலூர் எங்கே வருது?

அரோகாத் இரட்டை வடிவமாக இருக்கலாம் என்ற துப்பு 2017-லேயே கிடைத்தது. அது ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது விழுந்த நிழலை, அர்ஜென்டினாவில் தொலைநோக்கிகளை வரிசையாக வைத்துப் பதிவு செய்தார்கள். இதே உத்தி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்க வந்தபோது, ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் ஆய்வகத்தில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் நட்சத்திர ஒளி திடீரெனக் குறைந்ததைப் பதிவு செய்தனர். யுரேனஸின் வளையங்கள் உலகுக்குத் தெரியவந்தது அந்த நிகழ்வில்தான்.

அடுத்து என்ன?

நாசாவின் லூசி விண்கலம் 2033-ல் பாட்ரோக்ளஸ் - மெனோசியஸ் ஜோடியை நெருங்க உள்ளது. வியாழனின் பாதையில் இருக்கும் இந்த ஜோடியும் நெப்டியூன் பக்கத்திலிருந்து வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது.