முகவரி எழுதாத பில்: சிறு கடைகளின் இணைய விற்பனையும் ஜிஎஸ்டி பதிவுக் கட்டாயமும்

சிறு கடைகள் இணைய விற்பனையில் ஏன் காலூன்றவில்லை என்ற கேள்விக்கு, ஆய்வாளர்கள் பெரும்பாலும் கடைக்காரரிடமே காரணம் தேடியிருக்கிறார்கள்: முதல் போதவில்லை, பழக்கம் இல்லை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. சட்டத்தைப் பேசியவர்களும், 2023 அக்டோபர் 1-க்குப் பின் பதிவுக் கட்டாயம் என்ற தடை விலகிவிட்டது என்று முடித்துக்கொண்டார்கள். இந்த முடிவு எனக்கு ஏற்புடையதாக இல்லை. அன்று வழி கிடைத்தது பிறருடைய தளத்தில் சரக்கை ஏற்றி விற்பவருக்கு. கடையோடு சேர்த்துத் தன் பெயரிலேயே ஒரு தளத்தை வளர்க்க நினைப்பவருக்கு அந்தச் சலுகையால் பயனில்லை. ஆனால் அதே நாளில் நடைமுறைக்கு வந்த வேறொரு திருத்தம் அவருக்குப் பயன்படக்கூடும். அதை இதுவரை யாரும் அந்தக் கோணத்தில் படித்ததாகத் தெரியவில்லை.

அந்தச் சலுகையைத் தந்த 34/2023 அறிவிக்கையின் நிபந்தனைகளைப் பார்த்தாலே முதல் செய்தி விளங்கும். ஆண்டு விற்றுமுதல் வரம்புக்குள் இருப்பவர் பதிவு இல்லாமலே மின்வணிகத் தளங்கள் வழியாகச் சரக்கு விற்கலாம். ஆனால் மாநில எல்லையைத் தாண்டி எதையும் விற்கக் கூடாது. தன் சொந்தத் தளத்தில் விற்பவருக்கு இச்சலுகை தேவையே இல்லை. ஏனெனில் மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 52-இன்படி வரி பிடிக்க வேண்டிய தளம், பிறர் பொருளை விற்றுப் பணம் வாங்கித் தரும் தளம் மட்டுமே. 2019 பிப்ரவரி 1-க்கு முன் 24(x) ‘ஒவ்வொரு’ மின்வணிக நடத்துநரையும் பதிவுக்கு இழுத்தது. அந்தச் சிக்கலும் அன்று நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் தீர்ந்துவிட்டது. இவருக்கு மிஞ்சியிருக்கும் தடை ஒன்றே: மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு விற்பவர் முதல் ரூபாயிலிருந்தே பதிவு செய்ய வேண்டும் என்னும் 24(i).

கடலூரில் ஆண்டுக்கு 30 லட்சம் ரூபாய்க்கு விற்கும் ஒரு ஆயத்த ஆடைக் கடையை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் சரக்குக்கு வரம்பு 40 லட்சம் என்பதால் பதிவு தேவையில்லை. புதுச்சேரியிலிருந்து பேருந்தில் வந்து ஒருவர் சட்டை வாங்கிப் போனால் அது மாநிலத்துக்குள் நடந்த விற்பனை. அவரே வீட்டிலிருந்தபடி கடையின் தளத்தில் அதே சட்டையைக் கேட்டு, கடைக்காரர் அதைக் கூரியரில் அனுப்பினால், வழக்கமான விளக்கப்படி அது மாநிலங்களுக்கு இடைப்பட்ட விற்பனை. அந்த ஒரு பார்சலுக்காகக் கடை முழுவதும் பதிவுக்குள் வந்துவிடும். கல்லாவில் நடக்கும் விற்பனைக்கும் வரி வசூலிக்க வேண்டும். எல்லையோர ஊர்க் கடைகள் தளம் தொடங்கத் தயங்குவதற்கு இதைவிட நேரடியான காரணம் வேண்டியதில்லை.

இந்த விளக்கம் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி சட்டத்தின் 10(1)(a) கூறை நம்பி நிற்கிறது: பொருளின் பயணம் எங்கே முடிகிறதோ அதுவே வழங்கல் இடம், அதாவது வரிக்காக விற்பனை நடந்ததாகக் கொள்ளப்படும் இடம். 2023 அக்டோபர் 1 முதல் இதை மீறி நிற்கும் கூறு ஒன்று, (ca), சேர்க்கப்பட்டது. பதிவு பெறாத வாங்குநருக்கு விற்கும்போது, விலைப்பட்டியலில் எழுதப்பட்ட அவருடைய முகவரியே வழங்கல் இடம். அதில் முகவரி எழுதப்படவில்லை என்றால் விற்பவர் இருக்கும் இடமே வழங்கல் இடம். மாநிலத்தின் பெயரை எழுதினாலே முகவரி எழுதியதாகக் கொள்ளப்படும் என்கிறது அதன் விளக்கம்.

இதுவரை இக்கூறைப் படித்தவர்கள் பதிவு பெற்ற பெரிய விற்பனையாளரையே மனத்தில் வைத்திருந்தார்கள். 2024 ஜூன் 26 அன்று வந்த 209-ஆம் எண் சுற்றறிக்கையும் பில்லில் உள்ள முகவரியும் பொருள் போய்ச் சேரும் முகவரியும் வேறுபட்டால் என்ன செய்வது என்பதையே பேசுகிறது. பதிவே இல்லாத விற்பவருக்கு இக்கூறு எப்படிப் பொருந்தும்? மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 2(66), விலைப்பட்டியல் என்றால் பிரிவு 31-இல் சொல்லப்படும் வரி விலைப்பட்டியல் என்கிறது. அதை வழங்கும் கடமையும் உரிமையும் பதிவு பெற்றவருக்கே உண்டு. ஒருங்கிணைந்த சட்டம் தான் வரையறுக்காத சொற்களுக்கு 2(24) வழியாக இந்தப் பொருளையே ஏற்றுக்கொள்கிறது. அப்படியானால் கடலூர்க் கடைக்காரர் எழுதித் தரும் பில் எந்த முகவரியைத் தாங்கியிருந்தாலும் அது ‘விலைப்பட்டியல்’ ஆகாது. விலைப்பட்டியலில் முகவரி இல்லாத நிலையில் வழங்கல் இடம் கடலூர், விற்பனை தமிழ்நாட்டுக்குள் நடந்தது, 24(i) தொடவில்லை.

இது வலுவான வாசிப்பு என்றே கருதுகிறேன். முடிந்த முடிவு என்று சொல்லவில்லை. இதை நேரடியாகப் பரிசீலித்த தீர்ப்பு எதையும் நான் காணவில்லை. எதிர்வாதங்களில் கனமானது, வரையறைகள் அனைத்தும் ‘சூழல் வேறாகக் கோரினாலன்றி’ என்ற வரம்புக்கு உட்பட்டவை என்பது. பதிவு வேண்டுமா என்பதைத் தீர்மானிக்க வழங்கல் இடம் தெரிய வேண்டும். வழங்கல் இடம் தெரிய விலைப்பட்டியல் வேண்டும். விலைப்பட்டியலுக்குப் பதிவு வேண்டும். இந்தச் சுழலை உடைக்க, சாதாரண பில்லையும் சேர்த்துக்கொள்ளச் சூழல் கோருகிறது என்பார்கள். ஆனால் இங்கே சுழல் எதுவும் இல்லை. விலைப்பட்டியல் இல்லாத நிலைக்கும் கூறே விடை தந்துவிடுகிறது. உரை விடை தரும் இடத்தில் சூழலை அழைத்து வரிச்சுமையை ஏற்றுவது, ஐயம் வந்தால் வரி செலுத்துவோர் பக்கம் சாய வேண்டும் என்ற பழைய விளக்க நெறிக்கும் ஒவ்வாது.

நுகரப்படும் மாநிலத்துக்கே வரி சேர வேண்டும் என்ற கொள்கைவாதம் இங்கே எடுபடாது. வரம்புக்குள் இருப்பவர் எந்த மாநிலத்துக்கும் வரி செலுத்துவதில்லை. அவர் வாங்கிய சரக்கில் வரி ஏற்கனவே ஏறியிருக்கிறது. பெரிய விற்பனையாளர்கள் இதைத் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்பதும் பொருந்தாது. வரம்பைத் தாண்டிய அன்றே பிரிவு 22 அவர்களைப் பதிவுக்குக் கொண்டுவந்துவிடும்.

காம்போசிஷன் திட்டத்தில் உள்ள கடைகளுக்கு இதே வாசிப்பு இன்னும் தெளிவாகப் பொருந்துகிறது. 1.5 கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ள இந்த வணிகர் விற்றுமுதலில் 1 சதவீதம் வரி கட்டுகிறார். மாநிலம் தாண்டி விற்றால் மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 10(2)(c) அவரைத் திட்டத்திலிருந்து வெளியே தள்ளும். அவர் பதிவு பெற்றவர் என்பதால் சுழல் பற்றிய எதிர்வாதத்துக்கு இங்கே இடமே இல்லை. வரி விலைப்பட்டியலுக்குப் பதிலாக வழங்கல் சீட்டைத்தான் அவர் தர வேண்டும் என்று 31(3)(c) கட்டளையிடுகிறது. முகவரி எழுதப்பட்ட அந்தச் சீட்டை விலைப்பட்டியலாகக் கொள்ள வேண்டுமானால், சட்டமே பிரித்துவைத்த இரண்டு ஆவணங்களை ஒன்றாக்க வேண்டும். அதைச் செய்யும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு, சுற்றறிக்கைக்கு இல்லை.