தகுதியும் பகுதியும்

திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்தில் ‘தகுதி’ என்னும் சொல் நடுவுநிலைமை என்ற பொருளில் ஆளப்பட்டுள்ளது. இன்றைய வழக்கில் அச்சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு: ஆற்றலால் அமையும் சிறப்பு, விதியால் கிடைக்கும் உரிமை. ‘தகுதியான அணி’ வேறு, ‘தகுதி பெற்ற அணி’ வேறு. இறுதிச் சுற்றுக்கு எந்த அணி செல்ல வேண்டும் என்னும் விவாதம் இவ்விரு பொருள்களும் மோதும் இடத்தில்தான் பிறக்கிறது. ரஞ்சி கோப்பையின் வரலாற்றைச் சித்தூர், திருப்பதி வட்டாரத்திலிருந்து நோக்கினால் இம்மோதல் தெளிவாகும்.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் இணைந்தது. அதே 1953-54 பருவத்தில் ஆந்திர அணி ரஞ்சி கோப்பையில் அறிமுகமானது. 1956இல் ஐதராபாத்தும் ஆந்திரமும் ஒரே மாநிலமான பின்னரும் கிரிக்கெட்டில் அவை தனித்தனி அணிகளாகவே நீடித்தன. 1960 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த திருத்தணி சென்னை மாநிலத்துக்கு மாறியது. அதுவரை ஒரே மாவட்டமாக இருந்த ஊர்கள் இரண்டு அணிகளின் நிலப்பரப்பாகப் பிரிந்தன.

அவ்விரு அணிகளும் போட்டியிட்டதோ ஒரே இடத்துக்கு. 1957-58 முதல் மண்டல லீக் முறை நடைமுறைக்கு வந்தது. மண்டலத்துக்கு ஓரணி என ஐந்து அணிகளே நாக்-அவுட் சுற்றுக்குச் சென்றன. தென் மண்டலத்தில் சென்னை, மைசூர், ஐதராபாத், ஆந்திரம், கேரளம் என ஐந்து அணிகள். 1959-60இல் மைசூரும், 1964-65இல் ஐதராபாத்தும், 1967-68இல் சென்னையும் இறுதியாட்டம் வரை சென்றன என்பதே அம்மண்டலத்தின் வலிமையைக் காட்டும். எனினும் எந்த ஆண்டிலும் அவற்றுள் ஒன்றுக்கே வழி இருந்தது.

மண்டல முறைக்கு நியாயம் இல்லாமலில்லை. நாட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் அது ஓர் இடத்தை உறுதி செய்தது. ஆனால் அந்த நியாயம் பகுதிக்கு உரியது, அணிக்கு உரியதன்று. 1970-71இல் மண்டலத்தின் இரண்டாம் அணிக்கும் வாயில் திறக்கப்பட்டது. அவ்வாண்டே இறுதியாட்டத்தில் மோதிய பம்பாய், மகாராட்டிரம் இரண்டும் மேற்கு மண்டல அணிகள்! பழைய விதி நீடித்திருந்தால் அவ்விரண்டில் ஒன்று நாக்-அவுட் சுற்றுக்கே வந்திருக்காது. 1992-93இல் மூன்றாம் அணிக்கும் இடம் கிடைத்தது. 2002-03இல் மண்டல முறையே கைவிடப்பட்டு, அணிகள் எலைட், பிளேட் என இரு பிரிவுகளாயின. அங்கும் முன்கூட்டிய மதிப்பீடு தவறலாம் என்பதை, 2010-11இல் பிளேட் பிரிவிலிருந்து வந்து கோப்பையை வென்ற இராசத்தான் மெய்ப்பித்தது.

விதிக்கு மாற்றாகக் குழுவை அமர்த்தினால் பூசல் தீருமா? அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் பதின்மூவர் குழு நான்கு அணிகளைத் தேர்ந்தெடுத்து வந்தது. 2023இல் ஆடிய 13 ஆட்டங்களிலும் வென்ற புளோரிடா ஸ்டேட் அணியைக் குழு ஒதுக்கியது. ஒவ்வோர் ஆட்டத்தில் தோற்றிருந்த டெக்சாஸ், அலபாமா அணிகளுக்கு இடம் அளித்தது. புளோரிடா ஸ்டேட்டின் முதன்மை ஆட்டக்காரர் காயமுற்றதால் அணி வலுவிழந்துவிட்டது என்பது குழு கூறிய காரணம். 2024இல் இடங்கள் பன்னிரண்டாக உயர்ந்தன.

இங்கு ஐந்து பத்தாகிப் பதினைந்தானது. அங்கு நான்கு பன்னிரண்டானது. இரு நாடுகளிலும் மருந்து ஒன்றே. ஆனால் இடங்கள் பெருகும்போது பூசல் மறைவதில்லை, பட்டியலின் விளிம்பிலுள்ள அடுத்த அணிக்கு நகர்கிறது. விதி, வென்ற கணக்கைப் பார்க்கிறது. குழு, இனி வெல்லக்கூடியவரைக் கணிக்கிறது. தகுதியின் இரு பொருள்களுள் ஒன்றையே ஒவ்வொன்றும் கைக்கொள்கிறது.

இவ்விரண்டுக்கும் முன்னதாக, பகுதிகளை வகுக்கும் முடிவு ஒன்று உண்டு. சித்தூருக்கும் திருத்தணிக்கும் இடையே 1960இல் விழுந்த கோட்டை வரைந்தோர் மனத்தில் மொழியும் நிருவாகமும் இருந்தன, கிரிக்கெட் இல்லை. எனினும் ஓர் இளைஞர் எந்த அணியின் கதவைத் தட்ட வேண்டும் என்பதை அக்கோடும் சேர்ந்தே தீர்மானித்தது. யாருக்குத் தகுதி என வினவுவோர், பகுதியை வகுத்தது யார், எதற்காக என்பதையும் சேர்த்தே வினவ வேண்டும்.