சிக்கலான வட்டார வலி நோய்த்தொகை

சிக்கலான வட்டார வலி நோய்த்தொகை (சி.ஆர்.பி.எஸ்.) என்பது கையிலோ காலிலோ அடிபட்டபின், காயம் ஆறியும் அடங்காமல் நீடிக்கும் வலி நோய். பட்ட அடிக்குப் பொருந்தாத அளவுக்கு வலி கடுமையாக இருக்கும். மணிக்கட்டு எலும்பு முறிவுக்குப் பின் அதிகம் வருகிறது. ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகத் தாக்குகிறது. நரம்புச் சேதம் உறுதிப்படாதது முதல் வகை, உறுதிப்பட்டது இரண்டாம் வகை.

வரலாறு

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) நரம்பில் குண்டடிபட்ட வீரர்களுக்குப் பிலடெல்பியாவில் சிகிச்சையளித்த சைலஸ் வேர் மிட்செல் இவ்வலியை விரிவாகப் பதிவுசெய்தார். எரிச்சல் தாளாமல் சிலர் கையில் ஈரத்துணி சுற்றியிருந்தனர்; சிலர் பூட்சுக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டனர். இதற்கு அவர் ‘காசால்ஜியா’ என்று பெயரிட்டார். பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 1994இல் இன்றைய பெயரை ஏற்றது.

அறிகுறிகள்

போர்வை உரசினாலே உயிர்போகும் வலி, வீக்கம், தோலின் நிறமும் சூடும் மாறுதல், மிகை வியர்வை, மூட்டு விறைப்பு, நகத்திலும் முடியிலும் மாற்றம் ஆகியவை காணப்படும். இதை உறுதிசெய்யத் தனியொரு சோதனை இல்லை. வேறு நோய் இல்லையென்று தெளிந்தபின், ‘புடாபெஸ்ட் அளவுகோல்’ கொண்டு மருத்துவர் முடிவுசெய்கிறார்.

சிகிச்சை

வலிக்குப் பயந்து உறுப்பை அசைக்காமல் வைத்தால் விறைப்பு கூடும், தசையும் மெலியும். எனவே இயன்முறைப் பயிற்சியே சிகிச்சையின் மையம். மருந்துகள் அதற்கு உடலை ஒத்துழைக்க வைக்கும் துணை. தோலைப் பழக்க முதலில் பஞ்சால் தடவுவர். பிறகு பருத்தித் துணி, அதன்பின் சொரசொரப்பான துவாலை என்று படிப்படியாக முன்னேறுவர். ஆடிச் சிகிச்சையில் வலிக்கும் கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கும். நல்ல கையை அசைத்தால், அதன் பிம்பம் மறைந்த கையே வலியின்றி அசைவதுபோலத் தோன்றும். இதைத் தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில், துண்டிக்கப்பட்ட உறுப்பில் தோன்றும் மாய வலிக்காக உருவாக்கினார்.

கேபாபென்டின், பிரீகேபலின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள் நரம்பு வலியைத் தணிக்கத் தரப்படுகின்றன. தொடக்க நிலையில் குறுகிய காலத்துக்கு ஸ்டீராய்டு தருவதுண்டு. இவற்றுக்கு அடங்காவிட்டால், பரிவு நரம்பு முடிச்சில் மரப்பூசி செலுத்துதல், தண்டுவடத்தருகே மின்தூண்டல் கருவி பொருத்துதல் ஆகியவற்றைப் பரிசீலிப்பர். உறுப்பையே அகற்றினாலும் வலி தொடரக்கூடும். ஆகவே அது வழக்கமான சிகிச்சையாகக் கொள்ளப்படுவதில்லை.

நோய்ப்போக்கு

பலருக்கு முதல் ஆண்டுக்குள்ளேயே வலி கணிசமாகக் குறைகிறது. சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. மாவுக்கட்டுப் பிரித்தபின்னும் எரிச்சலும் வீக்கமும் கூடிக்கொண்டே போனால், தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.