ஒப்புதலின் அளவுகோல்: கலிஃபோர்னியாவின் காற்று அனுமதி விதிகளும் ஒன்றிய அரசின் முத்திரையும்

2004 மே மாதத்தில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, கலிஃபோர்னியாவின் சான் வாகீன் பள்ளத்தாக்குக்கான இரண்டு அனுமதி விதிகளுக்கு ஒப்புதல் அளித்தது. எந்தத் தொழில் காற்று அனுமதி பெற வேண்டும், புதிதாக வரும் ஆலை எந்த நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும் என்பதை வகுப்பவை 2020, 2201 என்ற எண்கள் கொண்ட அவ்விதிகள். ஒப்புதல் பெற்ற வாசகத்தில் வேளாண்மைக்கு விலக்கு இல்லை. ஆனால் அவ்வாண்டு ஜனவரி முதல் நடப்பில் இருந்த மாநிலச் சட்டம், தனியான காரணங்களை நிறுவினாலொழிய, சிறிய பண்ணைகளிடம் அனுமதி கேட்கும் அதிகாரத்தை வட்டார வாரியத்துக்குத் தரவில்லை. ஒன்றிய அரசின் ஏட்டில் ஒரு சட்டம், மாநிலத்தின் ஏட்டில் இன்னொன்று. இந்த முரண் திருத்தப்பட ஆறு ஆண்டுகள் பிடித்தன. நீதிமன்றத்தில் தீர்ந்தது 2015இல்.

இதை ஓர் அலுவலகப் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. வட்டார அனுமதித் திட்டத்தின் மாற்றங்களுக்கு ஒன்றிய அரசு ஒப்புதல் தரும்போது எதை எதனோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது என்ற அடிப்படைக் கேள்வி அதில் அடங்கியிருக்கிறது. புதிய விதியைப் பழைய விதியோடு ஒப்பிடுவதே முகமையின் வழக்கம். ஒப்பிட வேண்டியது அந்த வட்டாரத்தின் இன்றைய காற்றோடும், விதியைச் செயல்படுத்த அங்குள்ள உண்மையான அதிகாரத்தோடும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஒப்புதலுக்கு இவ்வளவு எடை வருவதற்குக் காரணம் 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் அமைந்த விதம். காற்றின் தர அளவை ஒன்றிய அரசு நிர்ணயிக்கும். அதை எட்டும் வழியை மாநிலம் வகுக்கும். அந்த வழிகளின் தொகுப்புக்கு மாநில அமலாக்கத் திட்டம் என்று பெயர். கலிஃபோர்னியாவில் ஆலைகளுக்கு அனுமதி தருபவை 35 வட்டார வாரியங்கள். அவற்றின் விதிகள் மாநிலக் காற்று வள வாரியத்தின் வழியாக முகமையைச் சென்றடையும். முகமை தன் முன்மொழிவை ஒன்றிய அரசின் அறிவிக்கை இதழான ஃபெடரல் ரெஜிஸ்டரில் வெளியிட்டு, பொதுமக்களின் கருத்தைக் கேட்டு, பிறகு முடிவை அறிவிக்கும். முழு ஒப்புதல், பகுதி ஒப்புதல், நிபந்தனையுடன் ஒப்புதல், மறுப்பு என முடிவு பல வகைப்படும்.

ஒப்புதல் கிடைத்த நாள்முதல் ஒரு வட்டார விதி ஒன்றியச் சட்டமாகிறது. முகமை அதன் பேரில் நடவடிக்கை எடுக்கலாம். சாதாரணக் குடிமகனும் ஒன்றிய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். வட்டார வாரியம் பின்னர் தன் விதியை மாற்றிக்கொண்டாலும், அம்மாற்றத்துக்கு முகமை ஒப்புதல் தரும்வரை பழைய வாசகமே ஒன்றிய அளவில் நிற்கும். இதனால், நடப்பில் ஒரு விதியும் ஒன்றியப் பதிவில் இன்னொரு விதியும் ஆண்டுக்கணக்கில் அருகருகே இருப்பது அமெரிக்காவில் புதுமை அல்ல.

அனுமதித் திட்டங்களின் நடுநாயகமான பகுதி, 1977ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த புதிய மூலங்கள் ஆய்வு. காற்றின் தரம் ஏற்கெனவே கெட்டுப்போன வட்டாரத்தில் பெரிய ஆலை ஒன்று வர வேண்டுமானால், சிறந்த கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்துவதோடு, தான் சேர்க்கப்போகும் மாசுக்கு மேலாகவே வேறோர் இடத்தில் மாசைக் குறைத்துக் காட்ட வேண்டும். இதற்கு ஈடு என்று பெயர். எது பெரிய ஆலை என்பது வட்டாரத்தின் நிலையைப் பொறுத்தது. ஓசோன் கட்டுக்கடங்காத, மிகத் தீவிரம் என்று வகைப்படுத்தப்பட்ட வட்டாரத்தில் ஆண்டுக்கு 10 டன் நைட்ரஜன் ஆக்சைடோ ஆவியாகும் கரிமச் சேர்மங்களோ வெளியிட்டாலே பெரிய ஆலைதான். அதற்கு ஒரு படி கீழே, கடுமை என்ற வகையில் அந்த எல்லை 25 டன். ஈட்டின் விகிதமும் அப்படியே ஏறும். மிகத் தீவிர வட்டாரத்தில் பொதுவாக ஒரு டன்னுக்கு ஒன்றரை டன்.

இந்த விதிகளை மாற்றும்போது முகமை எதைச் சோதிக்க வேண்டும்? சட்டத்தின் 110ஆம் பிரிவின் ‘எல்’ உட்பிரிவு, காற்றுத் தரத்தை எட்டுவதற்கோ அதை நோக்கிய நியாயமான முன்னேற்றத்துக்கோ குறுக்கே நிற்கும் திருத்தத்துக்கு ஒப்புதல் கூடாது என்கிறது. ‘குறுக்கே நிற்பது’ என்றால் என்ன என்பதில்தான் நீதிமன்றங்கள் பிரிந்து நிற்கின்றன.

1999இல் லாஸ் வேகஸ் அமைந்துள்ள கிளார்க் கவுண்டியின் புதிய மூல அனுமதி விதிகளில் செய்த மாற்றங்களை முகமை ஏற்றது. புதிய விதி பழையதைவிடத் தளர்வானது அல்ல, ஆகவே பாதகம் இல்லை என்பது முகமையின் தர்க்கம். அப்போது லாஸ் வேகஸ் பள்ளத்தாக்கு கார்பன் மோனாக்சைடு, தூசுத் துகள் இரண்டிலும் தர அளவை எட்டாத பகுதி. அங்கு வாழ்ந்த ஒருவர் வழக்குத் தொடுத்தார். 2001இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் முகமையின் தர்க்கத்தை ஏற்க மறுத்தது. பழைய விதி போதாததாலேயே காற்று கெட்டிருக்கும்போது, புதியது பழையதற்குக் குறையவில்லை என்று சொல்வது எதையும் நிறுவாது. அந்தப் பகுதி தர அளவை எட்ட எவ்வளவு மாசு குறைய வேண்டும், திருத்தத்தோடு கூடிய திட்டம் அதற்குப் போதுமா என்று முகமை கணக்கிட்டிருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

ஐந்து ஆண்டுகள் கழித்து ஆறாம் வட்டார நீதிமன்றம் எதிர்த்திசையில் சென்றது. கென்டக்கியின் ஜெஃபர்சன் கவுண்டியில் வாகனப் புகைப் பரிசோதனைத் திட்டத்தைக் கைவிட்டு, அதற்கு மாற்றாக வேறு குறைப்புகளைக் காட்டியதை முகமை ஏற்றிருந்தது. மொத்த உமிழ்வு கூடாதவரை அத்தகைய மாற்றத்தை ஏற்கலாம் என்றது 2006ஆம் ஆண்டின் தீர்ப்பு. பிந்தைய வழக்குகளில் முகமை இந்த வாசிப்பையே பற்றிக்கொண்டது.

ஆறாம் வட்டார நீதிமன்றத்தின் கருத்தில் நடைமுறை நியாயம் உண்டு. ஒவ்வொரு சிறு திருத்தத்துக்கும் முழு வட்டாரத்தின் எதிர்காலக் காற்றையும் மாதிரிக் கணக்குக்கு உட்படுத்தச் சொன்னால், நல்ல திருத்தங்களும் தேங்கும். எழுத்துப்பிழையைத் திருத்தும் விதிக்கு அந்தச் சோதனை வேண்டியதில்லை. ஆனால் அனுமதி விதி அந்த வகையைச் சேர்ந்தது அல்ல. வாகனப் பரிசோதனைத் திட்டம் இன்று ஓடும் வண்டியை அளக்கிறது. அனுமதி விதியோ இன்னும் கட்டப்படாத ஆலைக்கு வாசல் திறக்கிறது. கட்டப்பட்ட ஆலை நாற்பது ஆண்டு நிற்கும். நேற்றைய விதியோடு ஒப்பிடும் சோதனை வரப்போகும் ஆலையைப் பார்ப்பதே இல்லை. அனுமதித் திட்டங்களுக்கு மட்டுமாவது லாஸ் வேகஸ் தீர்ப்பின் வழிதான் சட்டத்தின் நோக்கத்துக்குப் பொருந்துகிறது.

பழைய விதியை அளவுகோலாகக் கொள்வதால் பயனே இல்லை என்றும் இதற்குப் பொருள் அல்ல. 2002 டிசம்பர் இறுதியில் ஒன்றிய அரசு புதிய மூலங்கள் ஆய்வை நாடு முழுவதும் தளர்த்தியபோது, கலிஃபோர்னியா மறு ஆண்டே ஒரு சட்டம் இயற்றி, தன் வட்டார விதிகள் 2002 டிசம்பர் 30 அன்று இருந்த நிலையைவிடத் தளரக் கூடாது என்று தடுத்தது. பழைய விதி அங்கே சரிவைத் தடுக்கும் தரையாக நின்றது. தர அளவை எட்டிவிட்டதற்கான சான்றாக அதை யாரும் கொள்ளவில்லை.

சான் வாகீன் பள்ளத்தாக்கின் கதை இந்த வேறுபாட்டை இன்னும் ஆழமாகக் காட்டுகிறது. எட்டு கவுண்டிகள் கொண்ட வட்டாரம் அது. அவற்றுள் கெர்ன் கவுண்டியின் ஒரு பகுதி மட்டும் சேரும். கிழக்கே சியரா நெவாடா, மேற்கே கடலோரத் தொடர், தெற்கே தெஹாச்சப்பி. மூன்று புறமும் மலை அடைத்த அந்தத் தாழ்நிலத்தில் சூடான காற்றடுக்கு மேலே மூடியாகப் படிந்துவிட்டால் புகை வெளியேற வழியில்லை. உழவும் பால் பண்ணையும் அதன் வாழ்வாதாரம். நீரிறைக்கும் டீசல் எஞ்சின், சாணக் குட்டை, பதப்படுத்திய பசுந்தீவனக் குவியல் ஆகியவை அதன் மாசில் கணிசமான பங்குக்குக் காரணம். ஆயினும் பயிர் வளர்க்கவும் கால்நடை வளர்க்கவும் பயன்படும் கருவிகளுக்கு அனுமதி வேண்டாம் என்று மாநிலச் சட்டம் பல பத்தாண்டுகளாக விலக்கு அளித்திருந்தது.

இந்த விலக்கு இருந்தும், 2001 டிசம்பரில் முகமை கலிஃபோர்னியாவின் 34 வட்டாரங்களுடைய இயக்க அனுமதித் திட்டங்களுக்கு முழு ஒப்புதல் தந்தது. 1990ஆம் ஆண்டுத் திருத்தம் பெரிய மூலங்கள் எல்லாமே இயக்க அனுமதி பெற வேண்டும் என்கிறது. வேளாண்மைக்குத் தனி வழி அதில் இல்லை. சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன, முகமை உடன்பாட்டுக்கு வந்தது, 2002இல் விலக்கு பெற்ற பண்ணைகளைப் பொறுத்தவரை ஒப்புதலைத் திரும்பப் பெற்று தானே அனுமதி வழங்கும் பொறுப்பை ஏற்றது. ஒன்றிய அரசு நேரே பண்ணைக்குள் வரும் என்ற நிலை மாநிலத்தை அசைத்தது. பள்ளத்தாக்கைச் சேர்ந்த மாநில செனட்டர் டீன் ஃபிளோரெஸ் கொண்டுவந்த எஸ்.பி. 700 மசோதாவில் 2003 செப்டம்பரில் ஆளுநர் கிரே டேவிஸ் கையொப்பமிட்டார். பழைய விலக்கு நீங்கியது.

முழுவதுமாக நீங்கவில்லை. பெரிய மூலத்துக்கான எல்லையில் பாதிக்கும் குறைவாக உமிழும் பண்ணையிடம் அனுமதி கேட்பதற்கு அச்சட்டம் கட்டுப்பாடு விதித்தது. பண்ணை தன் மாசைக் குறைத்தால் அதற்கு வரவு தர முடியாத நிலையில் அதனிடம் ஈடு கேட்பதையும் தடுத்தது. இரண்டுக்கும் காரணம் சொல்ல முடியும். சிறு பண்ணைக்காரருக்கு விண்ணப்பச் செலவே பெரும் சுமை. வரவு கிடைக்காதவரிடம் ஈடு கேட்பது நீதியாகாது. மாநிலம் தெரிந்தே எடுத்த முடிவு அது. அந்த முடிவைப் பிரதிபலிக்காத விதிகளுக்குத்தான் 2004இல் முகமை முழு ஒப்புதல் தந்தது.

விளைவு உடனே தெரிந்தது. பள்ளத்தாக்கில் ‘எரிச்சலுற்ற குடியிருப்பாளர் சங்கம்’ என்ற அமைப்பு, ஒன்றியப் பதிவில் இருந்த விதியைக் கையிலெடுத்து, புதிய மூல அனுமதி பெறாத பால் பண்ணைகள் மீது வழக்குத் தொடுத்தது. சட்டம் அவர்களுக்கு அளித்த உரிமை அது. வட்டார வாரியமே கேட்க அதிகாரம் இல்லாத ஒன்றை ஒன்றிய நீதிமன்றத்தில் கேட்கக்கூடிய நிலை உருவானது. 2010 மே மாதத்தில் முகமை தன் பழைய ஒப்புதலைப் பிழை என்று அறிவித்து, மாநிலச் சட்டம் அனுமதிக்கும் எல்லைக்குள் மட்டுமே அது செல்லும் என்று திருத்தியது. சங்கம் இதை எதிர்த்தது. பிழை திருத்தும் அதிகாரம் முகமைக்கு உண்டு என்று 2015இல் ஒன்பதாம் வட்டார நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தீர்ப்பு சட்டப்படி சரி என்று கொண்டாலும், இழப்பு இரு பக்கமும் உண்டு. தாங்கள் மூச்சுவிடும் காற்றுக்காக ஒன்றிய அரசின் சொல்லை நம்பி வழக்காடியவர்களின் காலடி நிலம் நடுவில் நழுவியது. வட்டார விதிப்படியே நடந்துகொண்ட பண்ணைகளும் ஆண்டுக்கணக்கில் வழக்கின் நிழலில் இருந்தன.

பிழையான ஒப்புதலின் பேரில் ஆலை எழுந்து நின்றுவிட்டால் திருத்தமும் பயன்படாது. கலிஃபோர்னியாவின் தெற்குக் கடற்கரை வட்டாரத்தில் டெசர்ட் ஹாட் ஸ்பிரிங்ஸ் அருகே வந்த சென்டினல் எரிவாயு மின்நிலையம் அதற்குச் சான்று. அதற்குத் தேவையான ஈடுகளை வட்டாரத்தின் சொந்த இருப்பிலிருந்து மாற்றித் தர 2009இல் மாநிலம் தனிச் சட்டம் இயற்றியது. 2011இல் முகமை அதற்கு ஒப்புதல் அளித்தது. வழக்கு வந்தபோது தன் ஒப்புதல் முறையில் குறை இருந்ததை முகமையே ஒப்புக்கொண்டது. 2012இல் நீதிமன்றம் விஷயத்தை முகமையிடம் திருப்பி அனுப்பியது, ஆனால் ஒப்புதலை ரத்து செய்யவில்லை. 100 கோடி டாலர் முதலீட்டில், 350 பேர் வேலை செய்யும், ஏறக்குறைய முடிந்துவிட்ட நிலையத்தை நிறுத்தினால் மின்தடையும் பொருளாதாரச் சேதமும் வரும் என்பது அதன் காரணம். பொறுப்பான முடிவுதான். ஆயினும் கட்டுமானம் முந்திக்கொண்ட பின் சட்டத்தின் சோதனைக்கு என்ன வலிமை மிஞ்சுகிறது?

தாமதமும் இதே கேட்டைச் செய்கிறது. டெக்சாஸ் 1994இல் நெகிழ்வு அனுமதி என்ற முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு புகைபோக்கிக்கும் தனி வரம்பு இன்றி முழு ஆலைக்கும் ஒரே உச்சவரம்பு. முழுமையான விண்ணப்பத்தின் மீது முகமை ஓராண்டுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்கிறது சட்டம். முகமை மறுப்புத் தெரிவித்ததோ 2010இல். அதற்குள் பெரிய சுத்திகரிப்பு ஆலைகள் பலவும் அந்த அனுமதியின் கீழ் இயங்கிவந்தன. 2012இல் ஐந்தாம் வட்டார நீதிமன்றம் அந்த மறுப்பை ரத்து செய்தது. 2014இல் திருத்தப்பட்ட முறைக்கு முகமை நிபந்தனையுடன் இசைந்தது. இருபது ஆண்டுகள் எந்த விதி செல்லும் என்று அறியாமலே தொழிலும் குடிமக்களும் இருந்தார்கள்.

விரைவு, கவனம் இரண்டையும் ஒருங்கே கேட்பது முகமையின் ஆள்பலத்துக்கு மிஞ்சிய எதிர்பார்ப்பு என்று சொல்லப்படுவதுண்டு. ஆனால் சான் வாகீனில் தவறியதைத் தடுக்கும் கருவி ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. திட்டத்தைச் செயல்படுத்தப் போதிய அதிகாரம் மாநிலச் சட்டத்தின்கீழ் தனக்கு உண்டு என்று மாநிலம் உறுதி தர வேண்டும் என்பது 110ஆம் பிரிவின் நிபந்தனை. முகமையின் ஒழுங்குமுறைகளும் விண்ணப்பத்தோடு அதற்கான ஆதாரத்தைக் கேட்கின்றன. விண்ணப்பம் முழுமையானதா என்று ஆறு மாதத்துக்குள் பார்க்கும் முதல் கட்டத்திலேயே, விதியின் ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே அதைத் தாங்கும் மாநிலச் சட்டப் பிரிவையும் அதை வெட்டும் பிரிவையும் எழுதித்தரச் சொல்லலாம். அனுமதி விதியாக இருந்தால், தளர்வால் புதிதாக நுழையக்கூடிய மூலங்கள் எத்தனை டன் சேர்க்கும், வட்டாரம் தர அளவை எட்ட இன்னும் எத்தனை டன் குறைய வேண்டும் என்ற இரண்டு எண்களையும் முன்மொழிவிலேயே அருகருகே வெளியிடலாம். அவற்றைப் பார்த்துக் கருத்துச் சொல்ல பண்ணைக்காரருக்கும் பண்ணைக்கு அடுத்த வீட்டுக்காரருக்கும் கிடைக்கும் தருணம், ஒப்புதலுக்கு முந்திய அந்தச் சில வாரங்கள்தாம்.